முழுவதும் பார்க்கப்பட்டது

காலையில் இரண்டு தரம் எனிமா கொடுத்தும் பச்சைமுத்துவின் வயிறு சுத்தமாகவில்லை. வெளியே வந்த தண்ணீர் கலங்கலாக, ஆற்று வெள்ளத்தின் நிறத்தில் வந்தது. நர்ஸ் சவுரியம்மாள் பேசினைத் தள்ளி வைத்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"நேத்து என்னண்ணா சாப்ட்டீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதாம்மா. தண்ணி ஆகாரம். கேப்பைக் கூழு ரெண்டு வேளை குடிச்சேன். வேற ஒண்ணும் தொடல."

அவளுக்குச் சுருக்கென்றது. 'ரெண்டு நாளைக்குத் தண்ணி ஆகாரம்தான்' என்று அவரிடம் சொன்னது அவள்தான். சொல்லும்போது அவள் நினைத்தது இளநீரையும் வடிகஞ்சியையும். கூழ் தண்ணீர் ஆகாரம் ஆகாது என்று திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிற மனிதருக்கு எப்படித் தெரியும்? அவள் விளக்கிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நர்சிங் ஹோமை நடத்துகிற டாக்டர் சீனுவாசன் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், கிளியர் ஆகல. இவருக்கு நாளைக்கு வச்சிக்கலாமா?"

"திண்டிவனத்துலேந்து வந்திருக்காரு சிஸ்டர். இன்னொரு நாள் வான்னா வரமாட்டாங்க. பார்த்துடலாம்."

அது 1987 ஜூலை மாதம். விழுப்புரத்தில் வேறு எந்த டாக்டரிடமும் அந்தக் கருவி கிடையாது. ஸ்கோப்பு என்பார்கள்; ஆள் உயரத்துக்கு நீளமான கறுப்புக் குழாய், சுண்டுவிரல் தடிமன், நுனியில் விளக்கு. மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை. ஆசனவாய் வழியாக உள்ளே விட்டு, பெருங்குடலை உள்ளிருந்தே பார்க்கலாம். குடல் இடது பக்கம் மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே ஓடி, வலது பக்கம் கீழே இறங்கும். வலது அடிவயிற்றில்தான் அது முடிகிறது. அதுவரை போனால்தான் முழுக்கப் பார்த்த மாதிரி.

துளையில் கண் வைத்திருக்கும் டாக்டருக்கு மட்டும்தான் உள்ளே இருப்பது தெரியும். ஆனால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் ஒன்று தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டால், குழாயின் நுனி எங்கே இருக்கிறதோ அங்கே வயிற்றின் தோலுக்கு மேல் செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் பூக்கும். சென்னையில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போனபோது சவுரியம்மாள் இதைக் கற்றுக்கொண்டாள். வெளிச்சம் வலது அடிவயிற்றுக்கு வந்தால் குழாய் கடைசிவரை போய்விட்டது என்று அர்த்தம்.

பச்சைமுத்துவின் இடது விலாவுக்குக் கீழே வெளிச்சம் வந்தது. அங்கேயே நின்றது. அவள் இரண்டு கைகளாலும் அவர் வயிற்றை அழுத்திக் கொடுத்தாள். டாக்டர் தள்ளினார், இழுத்தார், திருப்பினார். பச்சைமுத்து அலறினார்.

"அய்யோ சாமி, உட்ருங்க! உயிரு போவுது!"

"ஒரே அழுக்கா இருக்கு. ஒண்ணும் தெரியல," என்று டாக்டர் தனக்குள் முணுமுணுத்தார். வெளியே பிரசவ வலியோடு ஒருத்தி வந்து சேர்ந்திருந்தாள். ஆயா கதவைத் தட்டினாள். டாக்டர் குழாயைச் சரசரவென்று வெளியே இழுத்தார். ஆசனவாய்க்கு அருகே ஒரு நொடி நிறுத்திப் பார்த்தார்.

"மூலம் இருக்கு. ரத்தம் அதுலேந்துதான். எழுதி வைங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

ரிப்போர்ட் தாள் அச்சகத்தில் நூறு நூறாக அடித்து வைத்தது. பெயர், வயது, தேதி எழுதும் இடங்கள் காலியாக இருக்கும். 'பெருங்குடல் முழுவதும் பார்க்கப்பட்டது, கோளாறு ஏதும் இல்லை' என்ற வரி இங்கிலீஷில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். சவுரியம்மாள் காலி இடங்களை நிரப்பினாள். மூலம் என்று அடியில் சேர்த்தாள். டாக்டர் பிரசவ அறைக்குப் போகிற அவசரத்தில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பச்சைமுத்துவின் கையில் அவள்தான் கொடுத்தாள்.

"ஒண்ணும் இல்லியாம்மா?"

அவள் தாளின் அடியில் தான் சேர்த்த வரியைக் காட்டினாள். "மூலம்னு எழுதியிருக்காரு. மாத்திரை தந்திருக்கு," என்றாள்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முகம் வெளுத்திருந்தாலும் நடையில் ஒரு வேகம் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடுதான் அதற்கப்புறம் அவளை விடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் குழாயைக் கழுவும்போது இரண்டு தரம் மருந்துத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாள். சனிக்கிழமை ஒரு நோயாளிக்குத் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனாள். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கடைசியில் ஆபீஸ் அறைக்குப் போய், பச்சைமுத்துவை அனுப்பி வைத்த திண்டிவனத்து டாக்டரின் கடிதத்தைத் தேடி எடுத்தாள். முதலில் அதை அவள் சரியாகப் படித்திருக்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு. ஆறு மாதமாக அசதி, மூச்சு வாங்குகிறது. மலத்தைச் சோதித்ததில் ரத்தம் இருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறு கிராம். ஆண்பிள்ளைக்குக் குறைந்தது பதின்மூன்று இருக்க வேண்டும். மூலத்தில் கொட்டி இத்தனை குறையுமென்றால் வேட்டி வேட்டியாக நனைந்திருக்க வேண்டும். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எனிமா கொடுக்கும்போது வெட்கத்தை மறைக்க அவர் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று, "எங்க அண்ணன் கொளஞ்சி, வயித்துல கட்டி வந்து நாப்பத்தஞ்சு வயசுல பூட்டாரு."

திங்கட்கிழமை மதியம் டாக்டர் காபி குடிக்க உட்கார்ந்தபோது அவள் போய் நின்றாள்.

"சார், அந்தத் திண்டிவனத்து கேஸு. லைட்டு வலது பக்கம் வரவேயில்ல சார்."

"எது?"

"பச்சைமுத்து. கூழு குடிச்சிட்டு வந்தாரே. ரத்தம் ஆறுதான் இருக்கு. அவங்க அண்ணன்கூட..."

"மூலத்தை என் கண்ணால பார்த்தேன் சிஸ்டர்."

"மூலமும் இருக்கலாம் சார். உள்ளே வேறயும் இருக்கலாமில்ல? நாம பாதிதான பார்த்தோம்?"

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பிரசவமும் குடலிறக்கமும் எலும்பு முறிவும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர். ஆனால் அன்று அவர் குரல் மாறிவிட்டது.

"நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்போ போய் வேலையைப் பாருங்க."

அவள் வேலையைப் பார்த்தாள். ஆனால் அந்த வாரம் முழுக்க, வேறு ஒவ்வொருவர் வயிற்றிலும் அந்த வெளிச்சம் எங்கே நிற்கிறது என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பேரில் இரண்டு பேருக்கு அது வலது பக்கம் வரவில்லை. ஐந்து தாள்களிலும் அதே அச்சடித்த வரி இருந்தது.

அவள் கணவன் சின்னதுரை ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர். சனிக்கிழமை சாயங்காலம் அவனிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு கார்டு எழுதிப் போடேன். திரும்ப வரச் சொல்லி."

"என்னன்னு எழுதறது? யாராவது படிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கே எடுத்தாந்தா?"

"அதானே. வேலை பூடும்." அவன் துணியை உதறினான். "இன்ஜினுக்குக் கீழே பூந்து பாதி போல்ட்டைப் பார்த்துட்டு, மொத்தம் ஓகேன்னு எழுதிட்டா எங்க சார்ஜ்மேன் என்னை அங்கேயே நிக்க வச்சு அடிப்பாரு."

"நான்தான எழுதினேன், தொர. அந்தத் தாள்ல இருக்கற பேரும் தேதியும் என் எழுத்து."

அவன் துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தான். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் போயிட்டு வா. நான் வரட்டுமா?"

"வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பஸ் விக்கிரவாண்டியில் பத்து நிமிஷம் நின்றது. கண்டக்டர் டீ குடிக்கப் போய்விட்டார். அவள் இறங்கி நின்றாள், ஏறி உட்கார்ந்தாள், மறுபடி இறங்கினாள். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியத்திலேயே நின்றுபோனது.

திண்டிவனத்தில் மண்டிக்கு லீவு. வாசலில் மல்லாட்டைத் தோல் குவிந்து கிடந்தது. அங்கே படுத்திருந்த காவல்காரர் வழி சொன்னார். ரயில்வே கேட்டைத் தாண்டி, இரண்டாவது சந்தில் ஓட்டு வீடு.

பச்சைமுத்து வாசலில் பனியனோடு உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பத்து நாளில் கன்னம் இன்னும் உள்வாங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் பரபரப்பாக எழுந்தார்; எழுந்ததும் தலை சுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அடடே, நர்சம்மா! ஏ கெங்கு, யாரு வந்திருக்காங்க பாரு. வுழுப்புரத்து ஆஸ்பத்திரி நர்சம்மா."

அவர் மனைவி கெங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒல்லியான, கண்ணில் கூர்மையுள்ள பெண். ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சவுரியம்மாள் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்.

"அண்ணா, அன்னிக்குப் பார்த்தது முழுசா பார்க்கல. பாதி தூரம்தான் குழாய் போச்சு. மீதிக் குடலை யாரும் பார்க்கல. ஆனா பார்த்ததா எழுதிக் குடுத்துட்டோம்."

சந்தில் யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். பச்சைமுத்து சிரிக்கப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லன்னு தாளு குடுத்தீங்களே?"

"அந்த வரி முன்னமே அச்சடிச்சு வச்சது. எல்லாருக்கும் அதேதான். நான்தான் உங்க பேரை எழுதினேன். கூழு குடிக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட வெவரமா சொல்லாததும் நான்தான்."

கெங்கம்மாளின் முகம் கடுகடுத்தது. "உங்க டாக்டரு சொல்லியனுப்சாரா?"

"இல்லம்மா. அவருக்கு நான் வந்தது தெரியாது."

"அப்போ எதுக்கு வந்தீங்க? பத்து நாளாத்தான் மனுசன் நிம்மதியா தூங்கறாரு. அன்னிக்கு ஒண்ணுமில்லன்னு எழுதறீங்க, இன்னிக்கு வந்து இருக்கும்ங்கறீங்க. நாங்க என்ன பொம்மையா?"

"இருக்கும்னு சொல்லலம்மா. தெரியாதுன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

பச்சைமுத்து கை நீட்டி மனைவியை அடக்கினார். "நர்சம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அந்தக் கம்பியத் திரும்ப உள்ள உட மாட்டேன். செத்தாலும் சரி. எங்கண்ணனுக்கு அறுத்துப் பார்த்துட்டு அப்படியே தெச்சி அனுப்சாங்க. நான் பார்த்தேன். எனக்கு மூலம்தான். நீங்க போங்க."

அவள் வேறு என்ன சொல்லிப் பார்த்தும் அவர் டியூபை விட்டு நிமிரவில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்று டாக்டர்கள் பார்க்கிற கிழமைகளை ஒரு தாளில் எழுதி, தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் வெயிலில் நின்றாள். பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம். கெங்கம்மாள் செருப்பு இல்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். மூலத்துல ரத்தம் எப்படிப் போவும்?"

"செக்கச் செவேல்னு. சொட்டும்."

"இவருக்கு அப்படியில்ல. கறுப்பா, அரக்கு மாதிரி, கலந்து போவுது. கொல்லைக்குப் போயிட்டு வந்தப்புறம் நான் போய்ப் பார்த்தேன். அவருக்குச் சொல்லல. யாருக்கும் சொல்லல." அவள் மூச்சு வாங்கினாள். "எத்தினி மாசமா பார்க்கறேன் தெரியுமா?"

சவுரியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். வண்டியின் சத்தத்தில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"இதை அந்த டாக்டருங்ககிட்ட இப்படியே சொல்லும்மா. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

"அவரு வரமாட்டாரே."

"நீ வரச் சொன்னா?"

கேட் திறந்தது. கெங்கம்மாள் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள், பிறகு ஓடினாள்.

அடுத்த பத்து நாள் எந்தச் செய்தியும் இல்லை. நர்சிங் ஹோமில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் சவுரியம்மாள் ஓடிப் போய் எடுத்தாள். யாராவது பச்சைமுத்துவின் சாயலில் உள்ளே வந்தால் திடுக்கிட்டு எழுந்தாள். பதினோராவது நாள், கெங்கம்மாளே வந்து நின்றாள். பாண்டிச்சேரியிலிருந்து நேரே வந்திருந்தாள், கூடையில் துணிமணி.

"சேத்துட்டேன். மூணு நாளு நான் சோறு துன்னல. அதுக்கப்புறம்தான் மனுசன் பஸ் ஏறினாரு."

அந்த ஆஸ்பத்திரியில் அவரை இரண்டு நாள் வார்டிலேயே வைத்து, வெறும் தண்ணீரும் இளநீரும் மருந்துமாகக் கொடுத்து, வெளியே போவது வெறும் தண்ணீராகத் தெளிந்த பிறகுதான் குழாயை உள்ளே விட்டார்களாம். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. இளவயசு டாக்டர் ஒருவர் பார்த்தார். உள்ளே போனதைவிட வெளியே வரும்போதுதான் இன்னும் மெதுவாக, அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வலது அடிவயிற்றில், குடலின் கடைசி முனையில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி இருந்தது.

"கேன்சருன்னுட்டாங்க," என்றாள் கெங்கம்மாள். அழவில்லை. "அறுக்கணுமாம். ரத்தம் ஏத்திக்கினு இருக்காங்க. கட்டி குடலைத் தாண்டலன்னு நெனைக்கறாங்களாம். அறுத்தாத்தான் தெரியுமாம். உங்களாண்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவரு என்ன சொல்றாரு?"

"உங்களைத் திட்டறாரு. அந்தம்மா வராம இருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்றாரு." கெங்கம்மாள் கூடையைத் தூக்கினாள். "திட்டட்டும்."

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் அறுவை நடந்தது. வலது பக்கக் குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். அதே வாரத்தில் அந்த இளவயசு டாக்டரின் கடிதம் சீனுவாசனுக்கு வந்தது. மரியாதையான கடிதம்தான். நோயாளியின் பெயர், கட்டி இருந்த இடம், அதற்கு நான்கு வாரம் முன்பு இங்கே கொடுத்த ரிப்போர்ட்டின் தேதி. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

டாக்டர் சவுரியம்மாளை அறைக்குக் கூப்பிட்டார். கடிதம் மேசைமேல் விரிந்து கிடந்தது.

"யார் அனுப்பினது அவரை?"

"நான்தான் சார். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன் சார்."

அன்று காபிக் கோப்பையைக் கீழே வைத்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளையிலேந்து ஓ.பி.யில இருங்க. ஸ்கோப்பு ரூமுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்."

மூன்று வாரம் அவள் ஓ.பி.யில் சீட்டு எழுதினாள். அவர் அவளிடம் பேசவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று சின்னதுரையிடம் தினமும் கேட்டாள், அவன் தினமும், "அவரு சொல்லட்டும். நீ சொல்லாத," என்றான். ஸ்கோப்பு அறையிலும் அந்த நாட்களில் யாருக்கும் சோதனை நடக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். இரண்டு பேருக்குத் தேதி கொடுத்துவிட்டு டாக்டர் தள்ளிப் போட்டார்.

ஒரு புதன்கிழமை பிற்பகல், கூட்டம் குறைந்த நேரம், அவர் ஓ.பி.க்கே வந்து அவள் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு கட்டுத் தாள். ஜனவரியிலிருந்து கொடுத்த ரிப்போர்ட்டுகளின் நகல்கள்.

"பச்சைமுத்துவை விட்டுட்டு நாப்பத்தொண்ணு. எல்லாத்திலயும் முழுவதும் பார்க்கப்பட்டதுன்னு இருக்கு. நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். எத்தனை பேருக்கு உண்மையிலே கடைசி வரைக்கும் போனேன்னு ரெண்டு நாளா யோசிச்சுப் பார்க்கறேன். ஞாபகம் வரல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு வருமா சிஸ்டர்?"

அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வயிற்றைக் கையால் அழுத்தியவளுக்கு ஆட்கள் நினைவிருந்தார்கள். தழும்பு உள்ளவர், மச்சம் உள்ளவர், கத்திக்கொண்டே இருந்தவர், சிரித்தவர். சந்தேகமில்லாமல் வலது பக்கம் வெளிச்சம் வந்தவர்களை ஒரு பக்கமாக வைத்தாள். இருபத்து மூன்று. மற்றது பதினெட்டு.

அவர் அந்தப் பதினெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினெட்டா?" என்றார். பிறகு, "எனக்கு இன்னும் பழகணும் சிஸ்டர். சென்னையில போய் மறுபடியும் நின்னு கத்துக்கணும். அதுவரைக்கும் இவங்களை எல்லாம் பாண்டிக்கு அனுப்பிடுவோம். கடிதம் எழுதணும். என்னன்னு எழுதலாம்?"

"நடந்ததை எழுதலாம் சார்."

"பயந்துடுவாங்க."

"ஆமா சார். பயப்படுவாங்க."

அவர் எழுதினார். நான்கு தடவை கிழித்துவிட்டு ஐந்தாவது தடவை எழுதியதைப் பதினெட்டுப் பேருக்கும் தன் கையாலேயே படியெடுத்தார். அச்சடித்த பழைய தாள்களை ஆயாவிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னார். அவர் சென்னைக்குப் போய்ப் பழகி வந்த பிறகு அடித்த புதுத் தாளில் எந்த வரியும் அச்சாகவில்லை. எதுவரை போனது, குடல் சுத்தமாக இருந்ததா, வெளியே வர எத்தனை நிமிஷம் எடுத்தது என்று ஒவ்வொருவருக்கும் கையால் எழுத வேண்டும். ஸ்கோப்பு அறைக்குத் திரும்பிய சவுரியம்மாளும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் பேனாவைப் பிடித்தபோது, இந்தக் கையெழுத்து தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். பத்துப் பேருக்கு ஒன்றும் இல்லை. செஞ்சியிலிருந்து வந்த ஒரு டீச்சருக்கு ஒரு சிறு முளை இருந்தது. அதைக் குழாய் வழியாகவே கிள்ளி எடுத்துவிட்டார்கள், விட்டிருந்தால் நாலைந்து வருஷத்தில் கட்டியாகியிருக்கும் என்றார்களாம். இரண்டு பேர் நேரில் வந்து டாக்டரைச் சத்தம் போட்டார்கள். அவர் நின்றுகொண்டே கேட்டார். இரண்டு கடிதங்கள் விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தன. ஐந்து பேரிடமிருந்து பதிலே இல்லை.

பச்சைமுத்து தீபாவளிக்கு அப்புறம் மண்டிக்குத் திரும்பினார். மூட்டை தூக்கவில்லை, எடையை எழுதுகிற வேலை மட்டும். கட்டி குடல் சுவரைத் தாண்டவில்லை, பக்கத்து நெறிக்கட்டிகளிலும் எதுவும் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. ஆனாலும் ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் கொளஞ்சிக்கும் அவருக்குமாக இரண்டு பேருக்கு வந்த வீட்டில் மற்றவர்களையும் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அவருடைய தம்பி ராஜவேலு, "எனக்கு ஒரு நோவும் இல்ல, எதுக்கு வீணா பேஜாரு?" என்று மூன்று மாதம் ஓடிப் பார்த்தார். கெங்கம்மாள் விடவில்லை. அவருக்கு ஒன்றும் இல்லை. "பார்த்தியா, ஒண்ணுமில்ல," என்று அவர் வீராப்பாகச் சொன்னபோது, "அது இப்ப தெரிஞ்சிதில்ல," என்று கெங்கம்மாள் சொன்னதாகச் சவுரியம்மாள் கேள்விப்பட்டாள். பச்சைமுத்து மட்டும் அவளைப் பார்க்க வரவில்லை. ஒரு தடவை பாண்டிச்சேரி பஸ்ஸில் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. அவர் வெகுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறங்கும்போது, "மல்லாட்டை இந்த வருசம் நல்லா இருக்கு. அனுப்பறேன்," என்றார்.

பதில் வராத ஐந்து பேரைச் சவுரியம்மாள் ஒவ்வொரு ஞாயிறாகத் தேடிப் போனாள். நான்கு பேரைப் பிடித்தாள். ஐந்தாவது ஆள் கோட்டக்குப்பத்தைச் சேர்ந்தவர். முப்பத்தெட்டு வயது. மார்ச் மாதம் ஒரு பிற்பகல் அவள் அங்கே போனபோது, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டின் உள்ளிருந்து அவர் மனைவி ஜைத்தூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை.

"அவுங்க துபாய் போயி ஏழு மாசமாச்சே. கடுதாசி வந்துச்சு. இங்கிலீஷ்ல டாக்டரு பேரு போட்டிருக்கவும், அவுங்க வந்து பிரிக்கட்டும்னு எடுத்து வச்சேன்."

பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். உறை பிரிக்கப்படவேயில்லை. சவுரியம்மாள் அதைப் பிரித்துப் படித்துக் காட்டினாள். மெதுவாக, ஒவ்வொரு வரியாக. ஜைத்தூன் குழந்தையை இறக்கி விட்டாள். அது தவழ்ந்து கதவுப் பக்கம் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"போன மாசம் எழுதுனப்ப வவுத்து வலின்னு எழுதியிருந்தாங்க. அங்கத்திச் சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சேன்." அவள் சவுரியம்மாளின் முகத்தையே பார்த்தாள். "அக்கா, பயப்படணுமா?"

பயப்படாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.

"தெரியலம்மா. பார்த்தாத்தான் தெரியும். அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில ஜல்தியா பார்த்துக்கச் சொல்லு. பெருநாளைக்கு வர்றப்போ பார்த்துக்கலாம்னு இருக்க வேணாம்."

ஜைத்தூன் உள்ளே போய் ஏர்மெயில் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். வேகமா சொல்லாதீங்க. ஒரு வார்த்தை விட்டுடக் கூடாது."

சவுரியம்மாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கதவுப் பக்கம் போன குழந்தையை எட்டிப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.